பழைய பைக்கில் ஐட்லிங் மிக்சர் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு விடும் சாமான்) வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கும் சந்தேகங்களில் முக்கால்வாசி, ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வண்டி நின்றபடி ஓடும்போது, கலவையைத் தீர்மானிக்கும் மிக்சர் ஸ்க்ரூ என்ற சின்னப் பித்தளை ஸ்க்ரூவைச் சுற்றித்தான் வருகிறது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே தொகுத்துவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும். ரிச் என்றால் பெட்ரோல் அதிகம், லீன் என்றால் காற்று அதிகம். இந்த இரண்டு சொல் மட்டும் மனதில் இருந்தால் போதும்.

கார்புரேட்டர்ல ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. எது எதுக்குன்னே தெரியல.

கொஞ்சம் பெரிதாக, சில வண்டிகளில் விரலாலேயே திருகும்படி இருப்பது ஐட்லிங் ஸ்க்ரூ. அது உள்ளே காற்றுப் பாதையைத் திறந்து மூடும் ஸ்லைடையோ பட்டர்ஃபிளை தகட்டையோ கொஞ்சம் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆக்சிலரேட்டரை லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பதும் அதுவும் ஒன்றுதான்.

மற்றது சின்னது, பெரும்பாலும் பித்தளை, ஒரு குழிக்குள் ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்கும். அதுதான் மிக்சர் ஸ்க்ரூ. ஐட்லிங்கில் போகும் காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. வண்டி நின்று நின்று போனால் பலரும் முதல் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். சத்தம் கூடும், வண்டி நிற்காது, ஆனால் கலவை தப்பாக இருப்பது அப்படியேதான் இருக்கும்.

வண்டி ஓடும்போது மிக்சர் ஸ்க்ரூவுக்கு ஏதாவது வேலை இருக்கா?

இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். ஆக்சிலரேட்டர் மூடியிருப்பதிலிருந்து ஏறத்தாழ கால்வாசி திறப்பு வரைக்கும் அதன் செல்வாக்கு உண்டு, அதுவும் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். கால் திறப்பு வரும்போது ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சாய்வு, அதற்கு மேல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி, முக்காலுக்கு மேல் மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை வைத்த சாமான்), இவைதான் கலவையை முடிவு செய்யும். ஆகவே நெடுஞ்சாலையில் பிக்கப் இல்லை, டாப் ஸ்பீடு வரவில்லை என்பதற்கெல்லாம் இந்த ஸ்க்ரூவைத் திருகிப் பயனில்லை. நெரிசலில் ஊர்ந்து போகும்போது வண்டி இழுத்து இழுத்து விடுகிறது, கிளட்ச் விடும்போது திணறுகிறது என்றால் அது இந்த ஸ்க்ரூவின் எல்லைக்குள் வரும் விஷயம்.

உள்ளே திருகினா ரிச்சா, லீனா? ஒருத்தர் ஒண்ணு சொல்றார், இன்னொருத்தர் நேர் எதிரா சொல்றார்.

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், அவரவர் வண்டியை வைத்துச் சொல்கிறார்கள். மிக்சர் ஸ்க்ரூவில் இரண்டு வகை. ஒன்று ஏர் ஸ்க்ரூ: ஐட்லிங் பாதைக்குப் போகும் காற்றை மட்டும் கட்டுப்படுத்துவது. அதை உள்ளே திருகினால் காற்று குறையும், கலவை ரிச் ஆகும். வெளியே எடுத்தால் லீன். இன்னொன்று பைலட் ஸ்க்ரூ, சிலர் ஃப்யூவல் ஸ்க்ரூ என்பார்கள்: ஏற்கெனவே கலந்து வரும் பெட்ரோல் எவ்வளவு என்ஜினுக்குள் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது. அதை உள்ளே திருகினால் லீன், வெளியே எடுத்தால் ரிச். முழுக்கத் தலைகீழ்.

எந்த வகை என்று இடத்தை வைத்துச் சொல்லிவிடலாம். ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் பெரும்பாலும் ஏர் ஸ்க்ரூ. என்ஜின் பக்கம், மானிஃபோல்டை (கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் குழாயை) ஒட்டி இருந்தால் பைலட் ஸ்க்ரூ. டூ ஸ்ட்ரோக் வண்டிகள், அமால் கான்சென்ட்ரிக், மிக்குனியின் பழைய வி.எம். வகை கார்புரேட்டர்கள் பலவற்றில் ஏர் ஸ்க்ரூ இருக்கும். டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) வைத்த சி.வி. கார்புரேட்டர்களில் பைலட் ஸ்க்ரூதான் வழக்கம், பெரும்பாலும் அடியில் ஒளிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் என்ஜின் சூடாக ஓடும்போது மெதுவாக உள்ளே திருகிப் பாருங்கள். பட்டினி கிடந்ததுபோல் சட்டென்று அணைந்தால் பைலட் ஸ்க்ரூ. கனமாக, தொண்டை அடைத்த மாதிரி ஓடி சைலன்சரில் பெட்ரோல் வாடை வந்தால் ஏர் ஸ்க்ரூ.

என் வண்டி இப்போ ரிச்சா இருக்கா லீனா இருக்கான்னு திருகாமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எனக்குத் தெரிந்து நல்ல சோதனை காலையில் முதல் ஸ்டார்ட்தான். குளிர்ந்த என்ஜின் சோக் போடாமலே ஒரே உதையில் எழுந்து நின்றால் பலரும் பெருமைப்படுவார்கள். அது பெரும்பாலும் ரிச்சாக இருப்பதற்கான அடையாளம். மாறாக, சோக் போட்டு ஐந்து நிமிடம் ஆகியும் அதை எடுத்தால் வண்டி நின்றுவிடுகிறது என்றால் லீன்.

இன்னொன்று, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு சட்டென்று ஒரு முறை முறுக்கி விடுங்கள். சத்தம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கி, அப்புறம் மெதுவாக இறங்கினால் லீன். வழக்கமான ஐட்லிங்குக்கும் கீழே விழுந்து, அணையப் போவது போலத் தடுமாறி மறுபடி எழுந்தால் ரிச். லேசாகத் திறக்கும்போதே ஒரு நொடி வெறுமையாக இருந்து பிறகு பிடித்தால் அதுவும் லீன் பக்கம்தான்.

ட்யூன் பண்றதுக்கு முன்னாடி வேற எதையாவது பார்க்கணுமா, நேரா திருக ஆரம்பிக்கலாமா?

நேராகத் திருக ஆரம்பிப்பதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். மிக்சர் ஸ்க்ரூ கடைசியில் தொட வேண்டியது. ஏர் ஃபில்டர் அழுக்காக இருக்கும்போது கலவையைச் சரிசெய்தால் அந்த அழுக்குக்கு ஏற்ற மாதிரிதான் சரிசெய்திருக்கிறீர்கள். ஃபில்டரை மாற்றிய அன்றே எல்லாம் தப்பாகிவிடும். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ட்யூன் செய்வதும் அதே கதைதான். பிளக் நல்லதாக, இடைவெளி சரியாக இருக்க வேண்டும். டேப்பெட் (வால்வு இடைவெளி) இறுக்கமாக இருந்தால் ஐட்லிங் ஒருநாளும் சீராக இருக்காது. சி.பி. பாயிண்ட் (பொறி வர மின்சாரத்தைத் துண்டிக்கும் கான்டாக்ட் பிரேக்கர்) உள்ள வண்டி என்றால் அதன் இடைவெளியையும் டைமிங்கையும் முதலில் பாருங்கள், பல வண்டிகளுக்கு அது 0.3 முதல் 0.4 மி.மீ. வரை, உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கடைசிச் சொல்.

ஆக்சிலரேட்டர் கேபிளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். வண்டியை ஐட்லிங்கில் விட்டு ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சத்தம் மாறினால் கேபிள்தான் ஸ்லைடை இழுக்கிறது, கார்புரேட்டர் மேல் பழி போடாதீர்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், இதையெல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள். ரிச்சாக ஓடும் என்ஜின் கார்பன் மோனாக்சைடைக் கக்கும், மூடிய அறைக்குள் அது ஆளைக் கொல்லும்.

சரி, எல்லாம் பார்த்தாச்சு. இப்போ எப்படி செட் பண்றது?

முதலில், ஸ்க்ரூ இப்போது இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ஜின் அணைந்திருக்கும்போது மெதுவாக உள்ளே திருகி, லேசாகத் தட்டுப்படும் வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். ஒன்றேமுக்கால் என்றால் ஒன்றேமுக்கால். குழப்பம் வந்தால் திரும்பிப் போக ஒரு இடம் வேண்டுமே. பிறகு அதே இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து, வண்டியை ஒரு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். நின்ற இடத்திலேயே ரேஸ் செய்து சூடாக்குவதும் ஓட்டிச் சூடாக்குவதும் ஒன்றல்ல. சோக் முழுசாக எடுத்திருக்க வேண்டும்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரலில் விட்டு, ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்து, அணையாமல் எவ்வளவு மெதுவாக ஓடுமோ அவ்வளவுக்குக் கொண்டுவாருங்கள். வேகமாக ஓடும்போது கலவையின் வித்தியாசம் காதுக்குக் கேட்காது. இப்போது மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகி, கையை எடுத்துவிட்டு, ஐந்து பத்து நொடி காத்திருங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என்ஜின் உடனே பதில் சொல்லாது. ஒரு பக்கம் கால் கால் சுற்றாகப் போய், சத்தம் தடுமாற ஆரம்பிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எதிர்ப் பக்கம் போய் அங்கே தடுமாறும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் சத்தம் உயர்ந்து, ஒரே சீராக, பிசிறில்லாமல் ஓடும். நீங்கள் தேடுவது அந்த இடத்தைத்தான்.

அந்த இடத்தில் வைத்ததும் வேகம் கூடியிருக்கும், ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறையுங்கள். குறைத்த பிறகு மிக்சரை இன்னொரு முறை, இந்தத் தடவை அரைக்கால் சுற்று அளவில் இப்படியும் அப்படியும் பாருங்கள், ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் நகரும். கடைசியாக ஐட்லிங்கைக் கையேட்டில் சொன்ன வேகத்தில் நிறுத்துங்கள். காற்றில் குளிரும் என்ஜின் என்றால் நான் அரைக்கால் சுற்று ரிச் பக்கம் விட்டுவிடுவேன், வெயில் நெரிசலில் அது உதவும். நின்றபடியே ரொம்ப நேரம் ஓட விடாதீர்கள். சில நிமிடங்களுக்கு மேல் ஆகும் என்றால் நடுவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் அதிகச் சூட்டில் இருக்கும் என்ஜினுக்கு ட்யூன் செய்துகொண்டிருப்பீர்கள்.

ஒன்றரை சுற்றுதான் கரெக்ட்னு சொல்றாங்களே?

ஒன்றரை என்பது தொடங்கும் இடம், முடிவு அல்ல. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும்போது எங்கேயாவது வைத்துத்தானே ஸ்டார்ட் செய்ய வேண்டும், அதற்காகச் சொல்லும் கணக்கு. உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதில் தொடங்குங்கள். முப்பது வருஷம் ஓடித் தேய்ந்த வண்டிக்குப் புது வண்டியின் எண் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத வண்டி. காதை மட்டும் நம்பி செட் பண்ணலாமா?

தாராளமாக. நீங்கள் தேடுவது ஒரு குறிப்பிட்ட எண்ணை இல்லையே, உச்சத்தைத்தான். முந்தைய முறையில் சத்தம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்குவதை யாராலும் கேட்க முடியும். கடைசியில் ஐட்லிங் வேகத்தை நிறுத்தும்போது மட்டும் எண் வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றுக்கு அது 1,000 முதல் 1,400 ஆர்.பி.எம். வரைக்குள் வரும். பிளக் வயரில் சுற்றும் சின்ன டிஜிட்டல் மீட்டர் இருந்தால் போதும்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய சிங்கிள் சிலிண்டர் வண்டிக்காரர்கள் சிலர் ‘டுக்... டுக்...’ என்று ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக ஐட்லிங்கை ரொம்பக் குறைத்து வைப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆயில் பம்பும் என்ஜின் வேகத்தில்தான் சுற்றுகிறது, பேட்டரி சார்ஜும் அப்படித்தான். அந்தச் சத்தத்துக்காக ஆயில் அழுத்தத்தைப் பலி கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, கண்ணாடி வைத்த சோதனை பிளக் ஒன்று உண்டு, கன்சன் நிறுவனத்தின் கலர்ட்யூன். அதை மாட்டி ஓடவிட்டால் உள்ளே எரியும் நிறம் தெரியும். மஞ்சள் என்றால் ரிச், கேஸ் அடுப்பு நீலம் என்றால் சரி, வெளுத்த நீலம் என்றால் லீன். நின்ற இடத்தில் பார்ப்பதற்குத்தான் அது, மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

ஸ்க்ரூவை முழுசா டைட் பண்ணிட்டேன். ஏதாவது ஆகுமா?

லேசாகத் தட்டுப்பட்டதும் நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகாது. அழுத்தி இறுக்கியிருந்தால் ஆகும். அதன் முனை ஊசி போலக் கூர்மையானது, உட்காரும் இடமோ மென்மையான உலோகம். ஸ்க்ரூவைக் கழற்றி முனையை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். சாய்வான பகுதியைச் சுற்றி மோதிரம் போல ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அந்த ஸ்க்ரூ போய்விட்டது, மாற்றுங்கள். பைலட் ஸ்க்ரூவில் அந்த மெல்லிய முனை உடைந்து துவாரத்திலேயே தங்கிவிடுவதும் உண்டு. பிறகு எவ்வளவு திருகினாலும் கலவை மாறாது, வெளியே பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும்.

கழற்றும்போது ஸ்க்ரூவுக்குப் பின்னால் வரும் சின்னச் சாமான்களைத் தொலைத்துவிடாதீர்கள். பைலட் ஸ்க்ரூவில் பொதுவாக ஸ்பிரிங், அதற்கு அடுத்து ஒரு சின்ன வாஷர், கடைசியாக ஓ-ரிங் இருக்கும். வாஷரும் ஓ-ரிங்கும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, வெளியே வராமல் ஏமாற்றும். ஓ-ரிங் இல்லாமல் மாட்டினால் மரை வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

எந்தப் பக்கம் திருகினாலும் வண்டியில மாற்றமே இல்ல. ஏன்?

இந்தக் கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்க்ரூ வேலை செய்யவில்லை என்பதே நல்ல தடயம். முதல் சந்தேகம் ஐட்லிங் ஸ்க்ரூ மேல். ஐட்லிங் பெட்ரோல் வெளியே வரும் துவாரத்துக்குப் பக்கத்திலேயே, ஸ்லைடின் அல்லது தகட்டின் ஓரத்தில், இன்னும் ஒன்றிரண்டு பொடித் துவாரங்கள் உண்டு. ஆக்சிலரேட்டரை லேசாகத் திறக்கும்போது அவை வழியாகப் பெட்ரோல் வரும். ஐட்லிங் ஸ்க்ரூவை ரொம்ப ஏற்றி வைத்திருந்தால் அந்தத் துவாரங்கள் எப்போதும் திறந்தே கிடக்கும், வண்டி அவற்றில்தான் ஓடும், மிக்சர் ஸ்க்ரூவைக் கேட்பாரில்லை. ஐட்லிங்கை இறக்கிப் பாருங்கள். அணைந்துவிட்டால் உண்மையான கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, இதுவரை ஐட்லிங் ஸ்க்ரூ அதை மூடி மறைத்திருக்கிறது.

அந்த ‘வேறு எங்கோ’ பத்துக்கு எட்டுத் தடவை பைலட் ஜெட் (ஐட்லிங் பாதைக்குப் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்) அடைப்புதான். அதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சில மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போலப் படிந்தால் முதலில் அடைபடுவது இது. கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே வட்டமாக, விளிம்பு சுத்தமாக ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் அடைப்பு இன்னும் இருக்கிறது. கார்ப் கிளீனரும் காற்றழுத்தமும் போடுங்கள், பிடிவாதமாக இருந்தால் மெல்லிய செம்புக் கம்பியின் ஒற்றை இழை. இரும்பு ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு கார்புரேட்டர் உடம்புக்குள் போகும் பாதைகளை விட்டுவிடுவதும் வழக்கமாக நடக்கும் தவறு.

மூன்றாவது, சோக். பழைய வண்டிகளில் நாம் சோக் என்று சொல்வது பலவற்றில் தனியாகப் பெட்ரோல் விடும் ஒரு சின்ன பிளஞ்சர். அதன் அடி ரப்பர் தேய்ந்து சரியாக மூடாவிட்டால் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் கசியும், நீங்கள் எவ்வளவு லீன் ஆக்கினாலும் வண்டி ரிச்சாகவே இருக்கும். ஃப்ளோட் (மிதவை) கட்டுப்படுத்தும் பெட்ரோல் மட்டம் ஏறியிருந்தாலும் அதே அறிகுறிதான்.

ஸ்க்ரூ மூணு சுற்றுக்கு மேல வெளியே வந்தாதான் நல்லா ஓடுது. அப்படியே விடலாமா?

விடாதீர்கள், கழன்று எங்காவது விழுந்துவிடும். அதைவிட முக்கியம், பைலட் ஜெட்டின் அளவு பொருந்தவில்லை என்று வண்டி சொல்கிறது. பைலட் ஸ்க்ரூ இரண்டரை மூன்று சுற்றுக்கு மேல் கேட்டால் பெட்ரோல் போதவில்லை, பைலட் ஜெட் ஒரு அளவு பெரிதாக வேண்டும். அரைச் சுற்றிலேயே திருப்தியானால் ஜெட் பெரிதாகிவிட்டது. ஏர் ஸ்க்ரூ என்றால் தலைகீழாகப் படியுங்கள்: நிறைய வெளியே வந்தால் ஜெட் பெரிது, கிட்டத்தட்ட மூடினால்தான் ஓடுகிறது என்றால் ஜெட் சிறிது.

ஆனால் வண்டியில் ஃபில்டர், சைலன்சர் எதுவும் மாற்றவில்லை, அசல் ஜெட்தான் இருக்கிறது என்றால் புது ஜெட் வாங்க ஓடாதீர்கள். அசல் ஜெட் தானாகச் சிறிதாகாது. பாதி அடைபட்டிருக்கும், அல்லது எங்கோ காற்று கசியும்.

சூடானதும் ஐட்லிங் தானா ஏறுது, சில சமயம் இறங்கவே மாட்டேங்குது.

காற்றுக் கசிவைப் பாருங்கள். கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் மானிஃபோல்ட் ரப்பர் வயதானால் வெடிக்கும். வெளியே சின்னக் கீறல்தான் தெரியும், கையால் கார்புரேட்டரைப் பிடித்து லேசாக வளைத்தால் அந்தக் கீறல் வாய் திறக்கும். ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றித் தண்ணீரை ஸ்பிரே அடியுங்கள். சத்தம் சட்டென்று மாறினால் அங்கேதான் கசிவு. கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு, தெளிவாகக் காட்டும்தான். ஆனால் சூடான சைலன்சர் பக்கத்தில் எரியும் திரவத்தை அடிப்பது தேவையில்லாத வம்பு.

கசிவு இல்லை, கேபிளும் சரி என்றால் கலவை லீன், கொஞ்சம் ரிச் ஆக்குங்கள். கசிவு இருக்கும்போதே ரிச் ஆக்கிச் சமாளிக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். இன்றைக்கு ஓடும். கீறல் பெரிதாகப் பெரிதாக நீங்களும் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

காலையில அருமையா ஓடுது, அரை மணி நேரம் ஓட்டினதும் சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது.

காலையில் சோக் இல்லாமலே ஓடுகிறதா? அப்படியென்றால் ரிச், மேலே நான்காவது கேள்வியில் சொன்னதுதான். குளிர்ந்த என்ஜினுக்கு அந்த ரிச் பொருந்துகிறது, சூடானதும் மூச்சு முட்டுகிறது. குளிர்ந்த வண்டியில் ட்யூன் செய்பவர்களுக்கு இது கட்டாயம் வரும். கலவை சரியாக இருந்தும் அணைந்தால் டேப்பெட், பிறகு இக்னிஷன் காயில், பாயிண்ட் வண்டியில் கண்டென்சர், இவை சூட்டில் மக்கர் செய்யும் சாமான்கள்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சர்ல பட் பட்னு வெடிக்குது.

ஐட்லிங் பாதை லீனாக இருந்தால் சிலிண்டருக்குள் சரியாகப் பற்றாத கலவை சைலன்சருக்குப் போய் அங்கே வெடிக்கும். முதலில் சைலன்சரும் ஹெட்டும் சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று பாருங்கள், அங்கே காற்று உள்ளே இழுத்தாலும் இதே சத்தம்தான் வரும். அது சரியாக இருந்தால் கால் சுற்று ரிச் ஆக்கிப் பாருங்கள். இறக்கத்தில் வரும்போது அபூர்வமாக ஒன்றிரண்டு கேட்டால் கண்டுகொள்ள வேண்டாம்.

பிளக் நிறத்தைப் பார்த்து மிக்சர் சொல்ல முடியாதா?

ஐட்லிங் மிக்சருக்கு அது அரைகுறை சாட்சி. வறண்ட கரி போலக் கறுப்பாக இருந்தால் ரிச், வெள்ளையாக வெளுத்திருந்தால் லீன், ஈரமாக எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது, அது வேறு செலவு. ஆனால் நீங்கள் கழற்றிப் பார்க்கும் நிறம் நெடுஞ்சாலையில் ஓடியதும் நெரிசலில் நின்றதும் எல்லாம் கலந்த நிறம். நிறைய நேரம் ஐட்லிங்கில் விட்டால் நல்ல கலவையிலும் பிளக் கறுக்கும். நான் காதைத்தான் முதலில் நம்புவேன்.

மைலேஜுக்காகக் கொஞ்சம் லீனா வைக்கலாமா?

ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஆனால் ஐட்லிங்கில் என்ஜின் அதைவிடக் கொஞ்சம் ரிச்சாகக் கேட்கும், ஏனென்றால் வேகம் குறைவு, போன புகையில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும், கலவை சீராகப் பற்றாது. அதைவிட லீன் ஆக்கினால் கிளம்பும்போது திணறும், நீங்கள் இன்னும் முறுக்குவீர்கள், மிச்சம் பிடித்த பெட்ரோல் அதில் போய்விடும். ஓடும்போது செலவாகும் பெட்ரோலை இந்த ஸ்க்ரூ பெரிதாக மாற்றாது என்று இரண்டாவது கேள்வியிலேயே பார்த்தோம். ரிச்சாக இருந்ததைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தால் மைலேஜ் கூடும், அது நியாயம். அதற்கு மேல் பேராசை வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன், வேண்டாம். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றும் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் வரும்போது என்ஜின் வேகமாகச் சுற்றும், அதற்குக் கிடைப்பதோ ஐட்லிங் பாதை தரும் அந்தச் சொட்டு மட்டும்.

மலைக்குப் போனா மறுபடியும் செட் பண்ணணுமா?

1,000 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 11 சதவீதம் குறையும், பெட்ரோல் அதே அளவில் வருவதால் வண்டி ரிச் ஆகும். இரண்டு நாள் பயணத்துக்கு விட்டுவிடுங்கள், ஐட்லிங் கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான். அங்கேயே தங்கி ஓட்டப்போகிறீர்கள் என்றால் லீன் பக்கம் சரிசெய்யுங்கள், ஆனால் கீழே இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடுங்குளிரில் நேர் எதிர், காற்று அடர்த்தியாகிக் கலவை லீன் பக்கம் சாயும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து ஐட்லிங் சரியில்ல. ஸ்க்ரூவால சரியாகுமா?

ஓரளவுக்கு. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். 10 சதவீத எத்தனால் கலந்தால் மேலே சொன்ன 14.7 ஏறத்தாழ 14.1 ஆகிறது. ஜெட் பழைய பெட்ரோலுக்கு அளந்தது, ஆகவே வண்டி தானாகவே கொஞ்சம் லீன் ஆகும். பெரும்பாலும் கால் அல்லது அரைச் சுற்று ரிச் ஆக்கினால் ஐட்லிங் சரியாகிவிடும், எத்தனால் பங்கு கூடினால் ஜெட் வரை போக வேண்டியிருக்கும். ஸ்க்ரூவால் தீராத தொல்லை இன்னொன்று, எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் சாமான்களைக் கெடுக்கும். நாள்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கின் பெட்ரோல் டேப்பை மூடி, ஃப்ளோட் கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுங்கள்.

ரெண்டு கார்புரேட்டர் வண்டி. ரெண்டையும் ஒரே சுற்று வச்சா போதுமா?

தொடங்கும்போது போதும். இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் வைத்து, முதலில் இரண்டும் ஒரே அளவு திறக்கிறதா என்று வேக்குவம் கேஜ் (என்ஜின் உறிஞ்சும் அளவைக் காட்டும் மீட்டர்) வைத்துச் சமப்படுத்துங்கள். அதற்கு அப்புறம்தான் ஒவ்வொன்றின் மிக்சரையும் தனித்தனியாக உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முடித்த பிறகு சமன் இன்னொரு முறை. கடைசியில் ஒன்று ஒன்றரையிலும் மற்றது ஒன்றேமுக்காலிலும் நின்றால் கவலைப்படாதீர்கள். ஒன்று அரையிலும் மற்றது மூன்றிலும் நின்றால் அது ட்யூனிங் விஷயமே இல்லை, ஒரு பக்கம் கோளாறு இருக்கிறது.

என் கார்புரேட்டர்ல மிக்சர் ஸ்க்ரூவே இல்லையே?

இருக்கும், மூடியிருப்பார்கள். புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு தயாரான பல வண்டிகளில் ஸ்க்ரூவின் குழியை ஒரு சின்ன உலோக மூடியால் அடைத்து அனுப்பினார்கள். நடுவில் மெல்லிய துளை போட்டு, ஒரு மரை ஆணியை அதில் ஏற்றி இழுத்தால் மூடி வரும். துளை போடும்போது டிரில் சட்டென்று உள்ளே பாய்ந்தால் ஸ்க்ரூவின் தலையைக் கடித்துவிடும், டிரில் முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள். கார்புரேட்டரைக் கழற்றி மேசை மேல் வைத்துச் செய்யுங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் அதைத் திறக்க அனுமதிக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லா செட் பண்ணி ஒரு வாரம்கூட ஆகல, மறுபடியும் மாறிடுச்சு.

முதலில் சுற்றை எண்ணிப் பாருங்கள். அதற்காகத்தான் எழுதி வைக்கச் சொன்னேன். எண் மாறியிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்து, அதிர்வில் ஸ்க்ரூ தானாக நகர்கிறது. புது ஸ்பிரிங் போடுங்கள், கிடைக்கும் வரை இருப்பதையே கொஞ்சம் இழுத்து நீட்டிப் போடலாம்.

எண் மாறவே இல்லை, ஓட்டம் மட்டும் மாறியிருக்கிறது என்றால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். டேங்கின் உள்ளே துருப்பிடித்திருந்தால் ஒவ்வொரு முறை சுத்தம் செய்த பிறகும் பொடி வந்து பைலட் ஜெட்டில் உட்காரும், ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் செம்மண் மாதிரி படிந்திருப்பது தெரியும். ஃப்ளோட் ஊசி தேய்ந்திருந்தால் மட்டம் ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும். கடைசியாக ஸ்லைடை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அது ஓடும் குழாயும் தேய்ந்துவிட்டது, பக்கவாட்டில் காற்று போகிறது, ஒரே ஸ்க்ரூ இடத்தில் காலையில் ஒரு ஐட்லிங், சாயங்காலம் ஒரு ஐட்லிங் கிடைக்கும். அந்த நிலையில் ஸ்லைடை மாற்றுங்கள். புது ஸ்லைடு போட்டும் ஆடினால் கார்புரேட்டரையே மாற்ற வேண்டியதுதான்.